எண்ணெய் இல்லாத படம்

பால்பாண்டியை எனக்கு முதல் நாளிலிருந்தே ஆகாது. சென்னையில் படித்துவிட்டு மதுரை எண்ணெய் மில்லுக்குக் கெமிஸ்டாக வந்தவன். பேச்சில் பாதி இங்கிலீஷ், மீதி ஏச்சு. மைக்ராஸ்கோப்பில் தெரிவதைப் படமாக வரைவது என் வேலை. நிலக்கடலையைச் சவரக்கத்தியால் மெல்லிசாகச் சீவிச் சிவப்புச் சாயத்தில் போட்டால், எண்ணெய் இருக்கும் இடம் மட்டும் சிவக்கும். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் யார் கடலையை வாங்குவது, யார் வண்டியைத் திருப்புவது என்று அவன் முடிவு செய்வான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் மழை பொய்த்தது. உசிலம்பட்டி வெள்ளைத்துரை மூன்று வண்டிக் கடலையோடு வந்து நின்றார். அது விற்றால்தான் கோடையில் அவருடைய மாடுகள் பிழைக்கும்.

சீவலை நான்தான் முதலில் பார்த்தேன். இண்டு இடுக்கு விடாமல் சிவப்புத் துளிகள். பால்பாண்டி எட்டிப் பார்த்து முகம் சுளித்தான்.

"என்ன சுலைமான், சாயம் இப்படி அப்பிக் கெடக்கு? ஸ்பிரிட்ல நல்லா கழுவு."

சுத்தப் பைத்தியம் பிடித்தவன். மூன்று முறை கழுவ வைத்தான். கிண்ணம் சிவந்தது, சீவல் வெளுத்தது. போவது அழுக்கு அல்ல, எண்ணெயில் பிடித்த சாயம் என்று எனக்குத் தெரியும். சொன்னால், நீ எத்தனாவது படித்தாய் என்பான். வாயை மூடிக்கொண்டு துளி எண்ணெய் இல்லாத வெறும் செல் அறைகளாக வரைந்து கொடுத்தேன்.

"எண்ணெயே இல்ல. வண்டியத் திருப்பு" என்று படத்தை வெள்ளைத்துரை முன் வீசினான்.

அவர் மடியிலிருந்து ஒரு பிடி நிலக்கடலைப் பருப்பை எடுத்தார். படத்தின் மேலேயே வைத்துக் கட்டைவிரலால் நசுக்கித் தேய்த்தார். சக்கையைத் தட்டிவிட்டு ஜன்னலுக்கு நேரே பிடித்தார். உள்ளங்கை அகலத்துக்குக் காகிதம் எண்ணெய் குடித்து, வெளிச்சம் ஊடுருவியது.

"இது என்னய்யா, என் வேர்வையா?"

"காட்டுப்பயலே, படத்தக் கெடுத்துட்டியே!" என்று பால்பாண்டி கத்தினான்.

அப்போதுதான் எனக்கு ரோஷம் வந்தது. "கழுவுறதுக்கு முந்தி அம்புட்டும் செவப்பா இருந்துச்சு சார். நீங்கதான் கழுவச் சொன்னீங்க."

பால்பாண்டி சிவந்து கிடந்த கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்த்தான். "சரி, மூட்டைய எறக்கச் சொல்லு" என்றான். பெரிய நன்மை செய்துவிட்ட நினைப்பில் நான் வெள்ளைத்துரையைப் பார்த்துச் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை.

"ஒண்ணும் எறக்க வேணாம். என் மாடு பட்டினி கெடந்தாலும் சரி, பரவை மில்லுக்கு ஓட்டிட்டுப் போறேன்." வாசல்வரை போனவர் என் பக்கம் திரும்பினார். "அந்தாளுக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு. நீ பாத்துட்டுத்தானடா வரைஞ்ச?"