வெளியே வராத கை

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் வலது கை ஒரு கம்பளிக் கையுறைக்குள் போனது. பதினோரு மணி ஆகியும் வெளியே வரவில்லை. அது விரல் மூடாத கையுறை. விரல்கள் ஐந்தும் வெளியில்தான் இருந்தன. அதனால் இட்லி சாப்பிட முடிந்தது, மூக்கைச் சொறிய முடிந்தது. உள்ளங்கை மட்டும் எனக்குச் சொந்தமில்லாமல் போயிருந்தது.

அறுபத்திரண்டாம் வருஷம், நவம்பர் மாதம். எல்லையில் சண்டை. பனிமலையில் நிற்கும் ஜவான்களுக்குக் கம்பளி பின்னி அனுப்பப் புதுக்கோட்டையே கிளம்பியிருந்தது. எங்கள் பக்கம் குளிர் என்றால் மார்கழியில் நாலு நாள் பனியன் போட்டுக்கொள்வது. கம்பளி என்றால் காய்ச்சல்காரனுக்குப் போர்த்துவது. தேசபக்திக்கு முன் அனுபவம் தேவையில்லை என்று எங்கள் கல்லூரி விடுதியில் ஆளுக்கோர் உருண்டை பச்சைக் கம்பளி நூலும், ஊசிக்குப் பதிலாக இரண்டு குடைக்கம்பியும் கொடுத்தார்கள்.

பின்னச் சொல்லிக்கொடுக்க வந்தவள் மரிய செல்வி. ஆவூர்க்காரி, இங்கே ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படிக்கிறாள், என் தாய்மாமன் மகள். கடைசி விவரம் விடுதி முழுக்கத் தெரிந்திருந்ததால் நான் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. விடுதி பார்த்தது. வேலை சுலபம்தான். ஒரு கைக்குட்டை அளவுக்கு நேராகப் பின்னி, இரண்டாக மடித்து, ஓரத்தைத் தைக்க வேண்டும். கட்டைவிரல் வெளியே வர நடுவில் இரண்டு அங்குலம் தைக்காமல் விட வேண்டும். குழந்தைகூடச் செய்யும் என்றாள். குழந்தை கிடைக்காததால் நான் செய்தேன். ஒன்று பொம்மைக்கு ஆனது, மற்றது என் முழங்காலுக்குப் பொருந்தியது. அவள் இரண்டையும் கரித்துணிக்கு ஒதுக்கினாள்.

என் அறைத்தோழன் ஆண்டியப்பன் என்னைப்போல விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் மீமிசல்காரன். அண்ணன் அழகுமலை பட்டாளத்தில், அந்த மலையில்தான் எங்கோ நிற்கிறார். விரல் மரத்துப்போய் சட்டைப் பொத்தான்கூடப் போட வரவில்லை என்று கடிதம் எழுதியிருந்தார். அத்தனை ஆயிரம் பேரில் நீ பின்னுவது உன் அண்ணன் கைக்கா போகப்போகிறது என்று கேட்டேன். போனால் தெரியட்டும் என்று ஓரத்தில் சிவப்பு நூல் ஒரு சுற்று விட்டான். அவர்கள் குடும்பத்து வலைகளுக்கெல்லாம் அதுதான் அடையாளமாம். கடலில் எத்தனை வலை கலந்தாலும் சிவப்பு ஓரத்தைப் பார்த்து எடுத்துவிடுவார்களாம்.

அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். குடைக்கம்பியை அவன் தொடவே இல்லை. ஊரிலிருந்து மூங்கில் வலையூசியை வரவழைத்து, தீக்குச்சியை அளவுக்கு வைத்து, வலை கட்டுவதுபோலக் கண்ணிக்குக் கண்ணி முடிச்சுப் போட்டிருந்தான். குளிர் நுழையாதிருக்க மணிக்கட்டு வேறு மீன்கூட்டின் வாய்போலக் குறுகியிருந்தது. உள்ளே போனது வெளியே வரக் கூடாது என்பது அவர்கள் தொழிலின் அடிப்படை. கட்டைவிரலை மடக்கி, அதற்குள் கையைத் திணித்து அளவு பார்த்தவன் நான்.

எண்ணெய் போட்டோம். சோப்புப் போட்டோம். இழுத்தோம். நான்தான் வெளியே வந்தேன், கட்டிலிலிருந்து. மூட்டை ஏற்றித் திருச்சி போகும் லாரி பன்னிரண்டு மணிக்கு. மறுபடி பின்ன நூலும் இல்லை, நேரமும் இல்லை. கடைசியில் கையோடு என்னைப் பார்சல் கட்டும் மேசைக்குக் கூட்டிப்போனான்.

மரிய செல்வி என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முறைப்பெண் கையைப் பிடிக்கும் முதல் சந்தர்ப்பம். அதில் சோப்பு நுரை.

"மச்சான், வலது கையோட அனுப்பவா, ஒங்களையும் சேத்துக் கட்டவா?" என்றாள்.

பிறகு ஆண்டியப்பன் பக்கம் திரும்பி, குரலைத் தணித்தாள். "வேலை அருமையா இருக்குண்ணே. ஆனா வெரல் மரத்துப்போனவரு இத எப்புடிக் கழட்டுவாரு?"

பின்னிய ஐந்து நாளும் அவன் குளிர் உள்ளே போகாதிருப்பதை மட்டும் நினைத்தவன். முகம் சுருங்கிவிட்டது. என் வாயில் தயாராக இருந்த கிண்டலை விழுங்கினேன். அது எனக்கு வழக்கமில்லை.

வெட்டத்தான் வேண்டும், ஆனால் கம்பளிப் பின்னலை ஓரிடத்தில் வெட்டினால் மொத்தமும் நூலாக ஓடிவிடும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோதே அவன் மேசையிலிருந்த பிளேடை எடுத்தான்.

"அது ஒங்க பின்னலு. இது ஓடாது. சுறா கடிச்சாலும் கடிச்ச எடந்தான் போகும், தங்கச்சி."

மணிக்கட்டிலிருந்து புறங்கை வழியாக நேராகக் கீறினான். கை விடுதலையானது. அவள் நூல் ஓடுமென்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். ஒரு முடிச்சும் அசையவில்லை. இரு பக்கமும் கண்ணிகள் பூட்ஸ் ஓட்டைகள்போல வரிசையாக நின்றன. அவள் அவற்றைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள்.

"மச்சான், கயித்தக் கழட்டுங்க."

என் கான்வாஸ் ஷூவின் இரண்டு கயிறும் போயின. இடது கையுறையையும் கீறி, இரண்டையும் கோத்து, ஒன்றைத் தன் கையில் மாட்டி, பல்லால் ஒரு நுனியை இழுத்துக் காட்டினாள். சுருங்கியது. தளர்த்தினாள். தானாக நழுவி விழுந்தது. ஆண்டியப்பன் அதை எடுத்து மூன்று முறை போட்டுப் பார்த்தான், விரல்களை விறைப்பாக வைத்துக்கொண்டு, பல்லால் மட்டும். மூன்றாம் முறை கயிற்றை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தான்.

பன்னிரண்டுக்கு லாரி புறப்பட்டது. சிவப்பு ஓரம் மூட்டையில் எத்தனையாவது அடுக்கில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. நான் தெருமுனைவரை ஓடினேன். இடது ஷூ பாதி வழியில் நின்றுவிட்டது. வலது கையை உயர்த்தி ஆட்டினேன். கூடவே ஓடிவந்த ஆண்டியப்பன் அந்தக் கையைப் பிடித்து இறக்கி, உச்சி வெயிலில் விரித்துப் பார்த்தான். உள்ளங்கை முழுக்க, சிவப்பாக, ஒரு கண்ணி பிசகாமல் வலை பதிந்திருந்தது.