தண்ணீருக்குள் போன எல்லைக்கோடு

ஏரியை மூன்றாகப் பிரித்த வரைபடம் சுவரில் தொங்கியது. சிவப்பில் யாரும் நுழையக் கூடாது. மஞ்சளில் அனுமதியோடு நுழையலாம். பச்சை சுற்றுலாப் படகுகளுக்கு. சிவப்பைக் குறிக்க, நீர்நாய் வளைகளைத் தேடி முட்டி தேயச் சேற்றில் அலைந்தவள் நான். ஒப்புதல் தரும் குழுவின் முன் பேசப்போவதோ என்னோடு வேலை பார்க்கும் ஒரு பேராசிரியரின் மகள்.

"அவ நல்லாப் பேசுவாம்மா. நீ பக்கத்துல உக்காந்து டேட்டா எடுத்துக் குடு," என்றார் இயக்குநர்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவள் வீட்டில் நாய்க்குட்டிகூட இங்கிலீஷில்தான் குரைக்கும்.

காலையில் வரைபடம் அச்சாகி வந்ததுமே தவறு கண்ணில் பட்டது. தண்ணீர் விளிம்பிலிருந்து கரைப்பக்கம் ஐம்பது மீட்டர் வரை சிவப்பு. வரைபடத்தில் கோடு போட்ட அவள், கோடைக்காலத்தில் வற்றிய விளிம்பிலிருந்து அளந்திருந்தாள். மழையில் ஏரி பெருகினால் சிவப்பு மொத்தமும் மூழ்கிவிடும். நீர்நாய் குட்டி போடும் மேட்டுக்கரை பச்சையில் கிடந்தது. படகுத்துறை அங்கேதான் வரும்.

நான் வாயைத் திறக்கவில்லை. குழுவில் யாராவது கேட்கட்டும், அவள் திருதிருவென முழிக்கட்டும்.

"அக்கா, இந்தப் புடவைக் கலர் எனக்கு ஓகேவா?" என்று வந்து நின்றாள்.

"உனக்கு எது போட்டாலும் எடுபடும்."

உண்மையும் அதுதான்.

குழுவின் முன் தங்குதடையில்லாமல் பேசினாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. குழுத் தலைவர் பேனா மூடியைக் கழற்றினார். மாட்டிக்கொள்ளப் போவது அவள் இல்லை, குட்டிகள்.

"சார், கையெழுத்துப் போடாதீங்க," என்று எழுந்தேன். "அந்தக் கோடு கோடைத் தண்ணிய வச்சுப் போட்டது. மழையில தண்ணிக்குள்ள போயிடும். குட்டிங்க மேல ஏறி வர்ற எடத்துலதான் படகு வந்து நிக்கும்."

மார்க்கரை எடுத்து மேட்டுக்கரையையும் சேர்த்துப் புதுக்கோடு இழுத்தேன்.

தலைவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "பரவால்லம்மா, உன் ஆளுங்கள நல்லாத் தயார் பண்ணியிருக்க."

"இல்ல சார், தப்பு என்னோடது. ஃபீல்டு முழுக்க அக்காதான் பாத்தாங்க," என்றாள், முகம் வாடாமல்.

இந்தக் காலத்தில் இப்படி யார் ஒத்துக்கொள்கிறார்கள் என்று அவளைத்தான் மெச்சினார்கள். அதே தப்பை நான் செய்திருந்தால் என் பட்டத்தையே சந்தேகப்பட்டிருப்பார்கள். என் கோட்டின்மேல் கையெழுத்து விழுந்தது.

வராந்தாவில் கேட்டாள். "முன்னாடியே பாத்துட்டீங்களாக்கா?"

"காலையிலேயே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ முழிக்கறதப் பாக்கணும்னுதான்."

அவள் நின்றுவிட்டாள். நான் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினேன்.