இறங்காத சோறு

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. எங்கள் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கும் நாச்சியம்மாள் அக்கா நேற்று, புதன்கிழமை மத்தியானம், என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து சொன்னது. கொடுத்த காபியை அவர் தொடவே இல்லை. சொல்லி முடித்ததும், "எழுதறதுன்னா எழுதிக்க அம்மணி. பேரை மட்டும் மாத்திப்போடு" என்றார்.

மாற்றிவிட்டேன். நாச்சியம்மாள் என்பது அவர் பெயரல்ல. நாங்கள் இருக்கும் சிங்காநல்லூரையும் அவருடைய சம்பந்தி இருக்கும் பெருந்துறையையும் மட்டும் அப்படியே வைத்துக்கொண்டேன். நடுவில் இருக்கும் அந்த பஸ் பயணம் எனக்கு வேண்டும்.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"வெளிநாடு போன நம் பிள்ளைகளுக்கு ஊர்ச் சாப்பாட்டின் மேல் இருக்கும் ஏக்கம் என்பது—"

அதற்கு மேல் ஓடவில்லை. ஏக்கம் என்பது கொஞ்சம் சுகமான சொல். பத்திரிகையின் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், வாழையிலைப் படத்துக்குக் கீழே வருகிற சொல். அக்கா சொன்னதில் சுகம் எதுவும் இல்லை. பயம் இருந்தது. அதனால் பயம் தொடங்கிய இடத்திலிருந்து, ஒரு போன் அழைப்பிலிருந்து, தொடங்குகிறேன்.

2

மோகனப்பிரியா அக்காவின் ஒரே மகள். கல்யாணமாகி இரண்டு வருடமாக அயர்லாந்தில் கார்க் என்ற ஊரில் இருக்கிறாள். அங்கே ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை. கணவன் கிருபாசங்கருக்கும் அதே ஊரில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிறு சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து வீடியோவில் கூப்பிடுவார்கள். கொஞ்ச நாளாக வெறும் குரல் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. கேட்டால், "கேமரா சரியில்லீங்கம்மா."

இந்தத் திங்கட்கிழமை காலையில் போன் வந்தது. அங்கே விடிந்தும் விடியாத நேரம்.

"அம்மா, அரிசியும் பருப்பும்* செய்யறதுக்கு, ஒரு ஆளுக்குன்னா எவ்வளவு தண்ணி வெக்கோணுங்க?"

"ஒரு ஆளுக்கா? ஏங்கண்ணு, மாப்ளை சாப்பிடறதில்லையா?"

"அவரு வேலை விசயமா வெளியூரு போயிருக்காருங்கம்மா."

"எந்த ஊருக்கு?"

"டப்ளினுக்குங்க."

"எப்ப வருவாரு?"

"தண்ணி எவ்வளவுன்னு சொல்லுங்கம்மா. அடுப்பைப் பத்த வெச்சுட்டேன்."

அக்கா சொன்னார். அவள் வைத்துவிட்டாள்.

"எம்பட புள்ளைக்கு அரிசியும் பருப்பும் செய்யத் தெரியாதா அம்மணி?" என்று என்னிடம் கேட்டார் அக்கா. "பள்ளிக்கூடம் படிக்கையிலயே செய்வா. மூணு பேருக்குச் செய்வா, ரெண்டு பேருக்குச் செய்வா. ஒருத்திக்குன்னு செஞ்சதில்லை."

மருமகனின் நம்பருக்கு அடித்துப் பார்த்தார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மத்தியானம் அடித்தார். சாயங்காலம் அடித்தார். அவருடைய கணவர் அப்புசாமி மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "புருசன் பொண்டாட்டிக்குள்ள ஏதாவது இருக்கும். நீ தோண்டாத" என்றார்.

மறுநாள் காலையில் அக்கா சேலை மாற்றிக்கொண்டு, "சம்மந்தி ஊட்டுக்கு ஒரு எட்டு போய்ட்டு வந்தர்றனுங்க" என்றார்.

"போன் பண்ணிட்டுப் போ."

அக்கா போன் பண்ணவில்லை.

(* கொங்கு நாட்டுக்கு வெளியே இருந்து படிக்கிறவர்களுக்கு: அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு எல்லாவற்றையும் ஒரே குக்கரில் வேகவைத்து, நெய் விட்டுச் சாப்பிடுவது. விருந்தாளிக்கு இதை யாரும் செய்யமாட்டார்கள். காய்ச்சல் விட்ட அன்றைக்கும், ஊரெல்லாம் அலைந்துவிட்டுக் களைத்து வந்த அன்றைக்கும் செய்வது. இதைப் போய் ஒரு கதையில் வைப்பதா என்று எனக்கே சந்தேகம் இருந்தது.)

3

இங்கே நான் ஒரு பக்கம் எழுதிக் கைவிட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை.

[கிருபாசங்கர் சமையலறை வாசலில் நின்றான். "பெருங்காய வாசம் என் கோட்டுல ஏறுது. ஆபீஸ்ல மூக்கைப் பொத்தறாங்க. இனிமே இந்த ஊட்டுல இதெல்லாம் செய்யக் கூடாது" என்றான். மோகனப்பிரியா கரண்டியைக் கீழே வைத்தாள். அவன் கை—]

அவன் கையை என்ன செய்ய வைப்பது என்று தெரியாமல் நிறுத்திவிட்டேன். ஆனால் நான் ஒன்றும் புதிதாக யோசித்துவிடவில்லை. பெருந்துறை போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்காவின் தலைக்குள்ளும் இதேதான் ஓடியிருக்கிறது. அடித்துவிட்டானோ, துரத்திவிட்டானோ, வேறு யாரையாவது பார்த்துக்கொண்டானோ. அவிநாசி தாண்டுவதற்குள் மருமகனிடம் கேட்கவேண்டிய கேள்விகளை எல்லாம் அவனுடைய அம்மாவிடம் கேட்பதாக மாற்றி வைத்துக்கொண்டாராம். முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்ததில், இறங்கும்போது உள்ளங்கை சிவந்திருந்தது.

4

கிருபாசங்கரின் அம்மா தனபாக்கியம். கணவர் இல்லை. பெருந்துறையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் தனியாக இருக்கிறார். பட்டப்பகலில் கதவு உள்தாழ் போட்டிருந்தது. அக்கா இரண்டு தடவை தட்டினார். கதவு பாதி திறந்தது.

"வாங்க சம்மந்தி" என்றார் தனபாக்கியம், கதவைப் பிடித்த கையை எடுக்காமல். "ஒரு போன் பண்ணியிருந்தா நானே பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பனுங்களே."

"வெயிலு தாங்கலீங்க. கொஞ்சம் தண்ணி குடுங்க."

"இப்படியே இருங்க, கொண்டாந்தர்றேன்."

சம்பந்தி வீட்டு வாசலில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அது இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் நின்றார்கள். அப்போது உள்ளே ஏதோ ஒரு டம்ளர் தட்டில் உரசியது.

"ஆருங்க உள்ள?"

"டிவிங்க."

தனபாக்கியத்தின் தோளுக்குப் பின்னால் கூடத்தில் டிவி தெரிந்தது. அணைந்திருந்தது.

அக்கா கதவைத் தள்ளவில்லை. "கொஞ்சம் நவுருங்க சம்மந்தி" என்று மட்டும் சொன்னார். சொன்ன விதத்தில் தனபாக்கியம் நகர்ந்துவிட்டார்.

சமையலறைச் சுவரில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்து, கிருபாசங்கர் அரிசியும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கார்க்கிலோ டப்ளினிலோ இருக்கவேண்டியவன். கை நிறையச் சோற்றோடு எழுந்து நின்றான்.

"வாங்கத்தை."

கன்னத்தில் தாடி. சட்டை, வேறு யாருடையதையோ வாங்கிப் போட்டதுபோலத் தொங்கியது.

"நாலு கேள்வி நறுக்குன்னு கேக்கோணும்னுதான் போனேன்" என்றார் அக்கா என்னிடம். "அந்தக் கழுத்தெலும்பைப் பார்த்துப்போட்டு வாயே வரலை அம்மணி."

5

"எம்பட புள்ளை எங்கீங்க மாப்ளை?"

"கார்க்லதானுங்க. நல்லாத்தான் இருக்கா."

"அவளை அங்க உட்டுப்போட்டு நீங்க இங்க என்ன பண்றீங்க?"

அவன் தட்டைப் பார்த்தான். பதில் தனபாக்கியத்திடமிருந்து வந்தது. "அவனுக்கு அங்க சோறு எறங்கலீங்க சம்மந்தி. எதுவுமே எறங்கலை."

"சோத்துக்காகவா?"

நானும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு ஆள், படித்தவன், முப்பது வயதுக்காரன், சோற்றுக்காகவா பெண்டாட்டியைத் தனியாக விட்டுவிட்டு ஓடி வருவான்? கதைக்கு இது போதாது என்று தோன்றியது. அவனுக்கு ஒரு காதலி வைத்துப் பார்த்தேன். வேலையில் ஒரு தில்லுமுல்லு வைத்துப் பார்த்தேன். இரண்டும் பொருந்தவில்லை. அவன் சொன்னதாக அக்கா சொன்னதையே வைக்கிறேன்.

போன குளிர்காலத்தில் ஆரம்பித்திருக்கிறது. முதலில் வெறும் ஆசைதான். இரண்டு பேரும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரொட்டியை வைத்துக்கொண்டு, ஊரில் இருந்தால் இந்நேரம் என்ன சாப்பிடுவோம் என்று பேசிச் சிரிப்பார்கள். சந்தகையும் தேங்காய்ப்பாலும், கொள்ளுப் பருப்பு, ஒப்புட்டு என்று அவன் அடுக்குவான். பிறகு சிரிப்பு நின்றது. வாயில் வைத்ததும், இது அதில்லை என்று தொண்டை சொல்ல ஆரம்பித்தது. பத்து கிலோவுக்கு மேல் குறைந்தான். டாக்டர்கள் எல்லாப் பரிசோதனையும் செய்து, உடம்பில் ஒன்றுமில்லை என்றார்கள். வேலையும் போனது.

"மோகனா எல்லாம் செஞ்சு பார்த்தாளுங்கத்தை. டப்ளின் வரைக்கும் போயி நம்மூர் அரிசி வாங்கிட்டு வந்தா. லீவு போட்டுட்டுச் செஞ்சா. செஞ்சு வெச்சுட்டு எதுக்க உக்காந்து பார்ப்பா, நான் முழுங்கறனான்னு. அவ பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் எறங்காது."

கடைசியில் அவளே டிக்கெட் எடுத்திருக்கிறாள். ஒரு மாதம் ஊரில் இருந்து, சாப்பிட்டு, உடம்பைத் தேற்றிக்கொண்டு வாருங்கள் என்று ஏர்போர்ட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறாள். தன் அம்மாவிடம் சொல்லவேண்டாம், ஊரெல்லாம் சிரிக்கும் என்றும் சொல்லியிருக்கிறாள்.

"வந்த அன்னைக்கே எறங்கிருச்சுங்கத்தை. அம்மா அரிசியும் பருப்பும்தான் செஞ்சாங்க. மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டுப்போட்டு போனை ஆஃப் பண்ணி வெச்சுட்டேன்."

"ஏனுங்க?"

"அவ கேப்பாளே. அவ கையில எறங்காதது இங்க வந்ததும் எறங்கிருச்சுன்னு அவகிட்ட எப்படீங்க சொல்றது?"

"நீ நம்பறயா அம்மணி?" என்று அக்கா என்னைக் கேட்டார். நான் ஆறிப்போன காபியை ஓரமாக நகர்த்தி வைத்தேன். "நானும் நம்பலை. ஆனா பேசிட்டே இருக்கையில அந்தக் கையி தானா தட்டுக்குப் போச்சு. வெக்கப்பட்டு இழுத்துக்கறாரு, மறுபடியும் போகுது. அதைப் பார்த்துப்போட்டு நம்பாம எப்படி இருக்கறது?"

6

அக்கா பையிலிருந்து போனை எடுத்தார்.

"வேண்டாங்கத்தை" என்றான் கிருபாசங்கர்.

"அவ அங்க ஒத்தையில ஒரு ஆளுக்கு ஒல வெச்சுட்டு உக்காந்திருக்கறா" என்று சொல்லிவிட்டு அக்கா நம்பரை அழுத்தினார்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். "அம்மா, எங்கிருக்கறீங்க?"

"பெருந்துறையில. உம்பட மாமியா ஊட்டுல."

[இந்த இடத்தில் மோகனப்பிரியா உடைந்து அழுதாள் என்று எழுதி—]

அழவில்லை. மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை, லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன் என்றார் அக்கா. பிறகு அவள் பேசினாள், ஆபீசில் பேசுகிற மாதிரி, நிதானமாக.

"கம்பெனியில மூணு வருச காண்ட்ராக்ட் குடுக்கறாங்கம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லோணும். நான் அவரு போனுக்காகத்தான் காத்துட்டிருக்கேன். நீங்க ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். அங்க வந்தும் அவருக்கு எறங்கலைன்னா, அது நோவுங்க. நான் வேலையை உட்டுப்போட்டுக் கெளம்பி வந்தர்றேன். ரெண்டு பேருமாப் பார்த்துக்கலாம். சாப்பிடறாருன்னா..."

அவள் அதை முடிக்கவில்லை. இது நான் பாதியில் விட்ட வாக்கியமல்ல. அவள் விட்டது.

"சொல்லுங்கம்மா. சாப்பிடறாருங்களா?"

7

இனி முடிவு. மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அக்கா உண்மையைச் சொல்கிறார். மகள் "சரீங்கம்மா" என்று வைத்துவிட்டு, காண்ட்ராக்டில் கையெழுத்துப் போடுகிறாள். மூன்று வருடம் கார்க்கில் அவள், பெருந்துறையில் அவன். தன்னுடைய சமையலில், தன் முகத்தில்தான் ஏதோ தப்பு என்று அவள் உள்ளுக்குள் முடிவுகட்டிக்கொள்கிறாள். அந்த முடிவை யாராலும் அழிக்க முடிவதில்லை.

அக்கா பொய் சொல்கிறார். மகள் ஆசைப்பட்ட வேலையை விட்டுவிட்டு வருகிறாள். கோவை ஏர்போர்ட்டில், சதை பிடித்துத் தேறிய கணவன் நிற்கிறான். அவள் அவனைப் பார்க்கிறாள். பிறகு அம்மாவைப் பார்க்கிறாள்.

மூன்றாவது, நான் கொஞ்சம் பெருமையாக நினைத்த முடிவு: அக்கா ஒன்றும் சொல்லாமல் போனை மருமகனிடம் நீட்டுகிறார். பேசவேண்டியவர்கள் பேசிக்கொள்கிறார்கள்.

நேற்றுச் சாயங்காலம் இதைச் சொன்னதும் அக்கா தலையை ஆட்டினார். "நீட்டுனேன் அம்மணி. அவரு வாங்கலை. எச்சக்கையைப் பின்னால கட்டிட்டு நின்னுட்டாரு."

அதன்பிறகு அக்கா போனைக் காதில் வைத்து ஒரு பதில் சொல்லியிருக்கிறார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். "அதை எழுதிப்போடாத" என்று கேட்டுக்கொண்டார். "சொன்னது சரியா தப்பான்னு எனக்கே தெரியலை. இன்னும் நாளைக்கு ஒரு நாள் இருக்குது. மாத்திச் சொல்லோணும்னாக்கூடச் சொல்லலாம்."

நேற்றிலிருந்து நான்கு தடவை கீழே இறங்கி வந்துவிட்டார். கதவைத் தட்டி, உள்ளே வராமல் நின்று, "எழுதிட்டயா அம்மணி? முடிவு என்ன வெச்சே?" என்று கேட்கிறார். முதல் இரண்டு தடவை எனக்குப் பெருமையாக இருந்தது. மூன்றாவது தடவை அவர் முகத்தைப் பார்த்ததும் பயம் வந்தது. நான் எதை எழுதினாலும் அதையே செய்துவிடுவார். ஒரு பெண்ணின் மூன்று வருடத்தை, ஒரு கல்யாணத்தை, இந்த மேஜையில் உட்கார்ந்து முடித்துவைக்க நான் யார்? "இன்னும் முடியலைங்கக்கா" என்றேன். "சீக்கிரம் முடி" என்று மாடி ஏறினார்.

இன்று வியாழக்கிழமை. நீங்கள் இதைப் படிக்கும்போது அந்த வெள்ளிக்கிழமை என்றைக்கோ போயிருக்கும். உங்கள் பதில் அவருக்கு உதவாது. ஆனாலும் நான் எழுதப்போவதில்லை. போனை உங்களிடம் தருகிறேன்.

எதிரே ஒருவன் நிற்கிறான். தட்டில் சோறு பாதி இருக்கிறது. கண்ணால் உங்களைக் கெஞ்சுகிறான், எதற்காகக் கெஞ்சுகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. அவனுடைய அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உங்கள் உதட்டையே பார்க்கிறார். உங்கள் மகள் கேட்டு முடித்து நேரமாகிவிட்டது.

"அம்மா? லைன்ல இருக்கறீங்களா?"