மில் வாசலில் ஒரு வகுப்பு

என்ன படிக்கலாம் என்று பள்ளியில் வழிகாட்டும் வாத்தியார் பேச்சை நம்பி, உள்ளூர் நூல் மில்லில் சேர மெக்கானிக் படித்தவள், இப்போது வேலைவாய்ப்பு அலுவலக அதிகாரி. அவள் படித்து முடிப்பதற்குள் மில் வெங்காயக் கிடங்காகிவிட்டது. வாத்தியாரோ இன்னமும் அதே மில்லைத்தான் பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்துகொண்டிருந்தார். அவள் கறுவிக்கொண்டே காத்திருந்தாள்.

வாத்தியார் அவளைப் பள்ளியில் பேச அழைத்ததும், "பேச்செல்லாம் எதுக்கு சார்? பிள்ளைங்களை மில்லுக்கே கூட்டிட்டுப் போவோம்," என்றாள் தேனொழுக. வாத்தியார் பெருமையாக முன்னால் நடந்தார்.

வாசலில் காவலாளி, "எத்தனை மூட்டை வெங்காயம் வேணும் சார்?" என்றார்.

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு மாணவி மட்டும், "சார், இந்தப் பக்கம் வந்து எத்தனை வருஷமாச்சு?" என்றாள்.

வாத்தியார் நழுவப் பார்த்தார். அதிகாரி விடவில்லை.

"அண்ணே, சாருக்கு ஒரு நாற்காலி போடுங்க. இந்த ஊர்ல இப்ப என்னென்ன வேலை இருக்குன்னு நான் சொல்லச் சொல்ல, பிள்ளைங்களோட சேர்ந்து அவரும் எழுதிக்கட்டும்."