சொல்லுக்கு முன் ஒரு மூச்சு

தைத் திங்களின் இளங்கதிர் கீழைக் கடலினின்று மெல்ல மேலெழுந்து, உப்பங்கழியோடு கலந்து ஆறுகள் கடல்சேரும் கடலூர்ப் பழந்துறையின் நீர்ப்பரப்பெங்கும் பொன்னை உருக்கி ஊற்றினாற்போல் ஒளிபரப்பிக் கொண்டிருந்தது. தொலைவில் நங்கூரமிட்டு நின்ற கப்பல்கள் துயிலும் களிறுகளெனத் தோன்ற, அவற்றை நோக்கிச் செல்லும் சரக்குப் படகுகள் கன்றுகள்போல் அசைந்தசைந்து சென்றன. தெற்கே, கதிர் முற்றித் தலைசாய்த்த நெல்வயல்களுக்கு அப்பால், தில்லையின் கோபுரங்கள் பனித்திரையை விலக்கி எட்டிப் பார்த்தன. அறிவார்ந்த படிப்பவரே, அக்காலைப் பொழுதில் அவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே ஓடிய புகைவண்டியில் அமர்ந்திருந்த ஒருவருக்கு மட்டும் இவ்வழகெல்லாம் கண்ணில் படவேயில்லை.

அவர் பெயர் சின்னையன். துறைமுகத்தில் சரக்கிறக்கும் படகோட்டிகளின் தலைவர். கொந்தளிக்கும் அலைகளையும் கிழித்துச் சென்று கப்பல் தட்டில் ஒலிக்கும் குரல் படைத்தவர். அக்குரலைக் கரையேறிய பின்னும் இறக்கி வைக்க அறியாதவர். தங்கை புஷ்பவள்ளியின் மூத்த மகள் செண்பகத்தின் திருமணத்தில், தாம் கொணர்ந்த சீர்த்தட்டைத் தங்கை கணவர் வைத்திலிங்கம் மணமேடையில் வைக்காமல் கீழே வைத்துவிட்டார் என்று அவர் எழுப்பிய முழக்கத்தில் நாகசுரமும் நின்றுபோயிற்று. தாய்மாமன் அணிவிக்க வேண்டிய மாலையை எறிந்துவிட்டு வெளியேறினார். அன்றோடு இரு வீட்டாரும் முகம் பார்த்திலர். இன்று இளையவள் பொற்கொடிக்குத் திருமணம். தங்கையே கீரப்பாளையத்திலிருந்து வந்து, "இந்த ஒருதடவ வாயத் தொறக்காம வந்து நில்லுண்ணே, அது போதும்" என்று கைபற்றி அழுதுவிட்டுப் போயிருந்தாள். இன்றும் உறவு முறிந்தால் இனி ஒருபோதும் ஒட்டாது என்பதை அவர் அறிவார்.

அருகே அமர்ந்திருந்தாள் மனைவி தங்கம்மாள். இரங்கூனில் பர்மியத் தாய்க்கும் தமிழ்த் தந்தைக்கும் பிறந்து, போர்க்காலத்தில் கப்பலேறி வந்தவள். தாயின் புத்த நெறியை இங்கும் கைவிடாதவள்.

"வாய மூடிகிட்டா சரியாப் போச்சில்ல, தங்கம்?"

"மூடிகிட்டு உள்ள கத்திகிட்டே இருந்தீங்கன்னா?" என்று அவள் சிரித்தாள். "எங்கம்மா சொல்லுவாங்க, ஒரு சொல்லு வாய்க்கு வந்தா ஒரு மூச்சு விட்டுப் பாக்கணும். அது நெசமா, நல்லதுக்கா, இப்ப சொல்லணுமா, அன்பாச் சொல்றமா. எல்லாத்துக்கும் ஆமான்னு வந்தா சொல்லிடணுங்க. அப்பவும் சொல்லாம இருந்தா அதுவும் தப்புதான்."

"நீ சொல்ற கணக்குக்கு நான் ஊமையாத்தான் போவணும்" என்றார் அவர்; ஆயினும் அச்சொற்களை அசைபோட்டவாறே இறங்கினார்.

தில்லையில் தேரோடும் வீதியருகே வாழையும் தோரணமும் பொலிந்த மண்டபத்தில், நுழைவாயிலிலேயே வைத்திலிங்கம் எதிர்ப்பட்டார்.

"வாங்க, கப்பல் தொர! இன்னிக்கு மால போடற வரைக்குமாவது இருப்பீங்களா?"

சுற்றம் நகைத்தது. சின்னையன் பல்லைக் கடித்து நின்றார். மூடிய பானைக்குள் உலைநீர் கொதிப்பதுபோல் மறுமொழிகள் நெஞ்சுக்குள் குமுறின. அவர் பேசாதிருக்கப் பேசாதிருக்க வைத்திலிங்கத்தின் முகம் கறுத்தது. "பாத்தீங்களா, நம்மகூடப் பேசினா அவுரு கௌரவம் கொறஞ்சிடுமாம்!" என்றார் உறவினரிடம். தூணுக்குப் பின்னே புஷ்பவள்ளி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தாம் காத்த வாய்ப்பூட்டே வாளாகித் தங்கையை அறுப்பதைக் கண்டு சின்னையன் திடுக்கிட்டார்.

மெல்ல ஒரு மூச்சை உள்ளிழுத்து விட்டார். பேரலை எழுகையில் துடுப்பை நிறுத்தி, அது அடியில் உருண்டு போகும்வரை படகைப் பொறுமையாய் நிறுத்துவது அவருக்குக் கைவந்த கலை. இன்றோ அலை உள்ளே எழுந்தது, உயர்ந்தது, நுனியில் நுரைத்து நின்றது, பின் தானே தணிந்தது. நாவின் நுனியில் நின்ற வசைச்சொற்களை ஒவ்வொன்றாய் மனைவி சொன்ன கேள்விகளால் சோதித்துப் பார்த்தார்; எதுவும் தேறவில்லை. அவை யாவும் கலைந்தபின், நெடுநாள் அடியில் கிடந்த ஒரு சொல் தெளிந்து தெரிந்தது.

"மச்சான்," என்றார் தாழ்ந்த குரலில். அக்குரலை அங்கே எவரும் முன்பு கேட்டதில்லை. "அன்னிக்குத் தப்பு எம்மேலதான். தட்டு எங்க இருந்தா என்னா? நான் கத்தின கத்துல கண்ணாலப் பொண்ணு மணவறையில அழுதுது. அத நெனச்சா இன்னும் தூக்கம் வரல. மன்னிச்சிடுங்க."

வைத்திலிங்கம் துண்டைத் தோளினின்று எடுத்தார், மீண்டும் போட்டார், தலையைச் சொறிந்தார்.

"நான் வேணும்னேதான் கீழ வச்சேன் மச்சான்" என்றார் இறுதியில். "நீங்க கத்துவீங்கன்னு தெரிஞ்சே வச்சேன்!"

நொடிப்பொழுது திகைத்த சின்னையன் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினார். வைத்திலிங்கமும் சிரித்தார், தூணுக்குப் பின்னிருந்தவளும் கண்ணீரூடே சிரித்தாள். பின்னர் நாகசுரம் முழங்க, தாய்மாமன் மாலை சூட்ட, மஞ்சளரிசி மழையெனப் பொழியப் பொற்கொடியின் கழுத்தில் தாலி ஏறியது. பந்தியில் மைத்துனர் இருவரும் ஒரே வரிசையில் அமர்ந்து, ஒருவர் இலையில் ஒருவர் பாயசம் ஊற்றச் சொல்லி வற்புறுத்திய காட்சியைக் கண்டு பரிமாறியவர்களே களைத்தனர்.

உண்டு கைகழுவி வந்தவர் முன்னே, முடியடர்ந்த குழந்தையொன்றை இடுப்பில் ஏந்தி மூத்தவள் செண்பகம் நின்றாள்.

"மாமா, மாசி மாசம் புள்ளைக்குக் காது குத்தறோம். எனக்குக் கூடப்பொறந்த தம்பியா அண்ணனா, யாரு இருக்கா? நீங்க வந்து மடி கொடுப்பீங்கன்னுதான் இத்தினி நாளாத் தள்ளிப் போட்டேன்."

குழந்தை தானே கை நீட்டித் தாவியது. சின்னையன் அதை வாங்கி மார்போடு அணைத்தார். சொல்வதற்கு ஆயிரம் இருந்தன; ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. அடக்கி வைத்த எதுவும் இல்லாத உள்ளத்தின் நிறைவே அவர் இதழ்களில் அமைதியாய் அமர்ந்திருந்தது. அதைக் கேட்கத் தெரிந்தவளாய்த் தங்கம்மாள் அருகில் வந்து நின்றாள்.