சோபாவைத் தூக்கும் காட்சி

என் நாடகத்தில் சுந்தரேசன் சார் ஏழு இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். காகிதத்தை மேசையில் என் பக்கம் தள்ளிவிட்டு, சன்னல் வழியாக எதிர் அடுக்குமாடி புளோக்கைப் பார்த்துக்கொண்டார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எங்கள் சமூக மன்றத்து நாடகக் குழுவின் தலைவர். அவர் சரி என்றால்தான் எதுவும் மேடையேறும்.

கதை இவ்வளவுதான்: பிடோக் வட்டாரத்தில் புது வீடு வாங்கிய ஒரு தம்பதி, சோபாவை வாசலுக்குள் நுழைக்கப் படாதபாடு படுகிறார்கள். எங்கள் வீட்டுக்குச் சோபா வந்த அன்று நானும் என் வீட்டுக்காரர் அன்வரும் பேசிக்கொண்டதை அப்படியே எழுதியிருந்தேன். பகலெல்லாம் தேக்கா பக்கம் ஒரு கிளினிக்கில் நோயாளிகளின் நம்பரைக் கூப்பிடுகிறவள் நான். மூன்று வருடமாக எழுதி அனுப்பி, மன்றத்தின் ‘நகைச்சுவை மாலை’ நிகழ்ச்சிக்கு இந்த ஒன்றுதான் தேர்வாகியிருந்தது. இதுவும் போனால் அழுதுவிடுவேன். ஆனால் அவர் முன்னால் அழுவதாக இல்லை.

“‘இன்னும் கொஞ்சம் தூக்குங்க.’ இதுல என்ன சார் தப்பு? சோபாவத்தானே தூக்கச் சொல்றா?”

“நீங்க நல்ல மனசோடதான் எழுதியிருக்கீங்க, நஃபீசா. கேக்குறவங்க வேற மாதிரி எடுத்துக்குவாங்க. குடும்பத்தோட வர்றாங்க, பாருங்க.”

“வேற மாதிரின்னா எப்படி சார்? சொல்லுங்க, மாத்திடுறேன்.”

அவர் தொண்டையைச் செருமினார். குழுவின் செயலாளர் யாமினி, இருபத்தாறு வயதுப் பெண், குறிப்பெடுக்கப் பேனாவோடு காத்திருந்தாள். ஒலிபெருக்கி பார்க்கும் மாசிலாமணி அண்ணன் கூரையைப் பார்த்தார். வேறு மாதிரி என்றால் என்னவென்று அறையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, வாய்விட்டுச் சொல்லத்தான் ஆளில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கே அந்த நிமிடம்தான் உறைத்தது. அதற்காக விட்டுவிடுவேனா?

“சோபா தூக்குறப்ப யாரும்மா இப்படிப் பேசுவாங்க?” என்றார் கடைசியில்.

“அப்ப தூக்கியே பாத்துடுவோம் சார்.”

அறையில் மூன்று பேர் உட்காரும் பழைய சோபா ஒன்று கிடந்தது. மறுப்பார் என்று நினைத்தேன். மனுஷன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் தாழ்வாரத்துப் பக்கம், நான் உள்பக்கம். பாதி போனதும் சோபா வாசலில் சிக்கிக்கொண்டது. நான் பலமாகத் தள்ளினேன்.

“மெதுவாம்மா, மெதுவா!” அவர் போட்ட சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. “எனக்கு வயசாயிடுச்சு, முன்ன மாதிரி முடியல! கொஞ்சம் நிறுத்திட்டு மறுபடி ஆரம்பிப்போம்!”

மாசிலாமணி அண்ணன்தான் முதலில் வெடித்தார். யாமினி, “ஐயோ சார், போதும் லா!” என்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். யோகா வகுப்புக்குப் பாயோடு போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

“எதுக்குச் சிரிக்கிறீங்க?” என்றார் சுந்தரேசன் சார். நிஜமாகவே கேட்டார். சோபாவின் முதுகுக்கு மேலே அவருடைய நெற்றியும் மூக்குக்கண்ணாடியும் மட்டும் தெரிந்தன. ‘முன்ன மாதிரி முடியல...’ என்று தான் சொன்னதையே ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் அவர் சிரிப்பை அடக்கப் பார்க்க, என் கையில் சோபா குலுங்கத் தொடங்கியது.