முப்பத்தொன்பதாவது முத்திரை

1915. அரபிகளுக்கு உரிமை கேட்டார்கள் என்று பெய்ரூத்தில் பதினோரு பேரைத் துருக்கி சர்க்கார் தூக்கில் போட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. டமாஸ்கஸ் நகரத்து மிதான் பேட்டையின் தலைவர், முக்தார் தர்வீஷ் முன்னால் துருக்கி அதிகாரி ஒரு பழைய மனுவை விரித்துவைத்தார். பார்த்ததுமே தர்வீஷுக்குத் தெரிந்துவிட்டது. அவரே எழுதிய மனு அது.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தங்கள் பித்தளை முத்திரையை முக்தாரிடம் கொடுத்துவைப்பது பேட்டை வழக்கம். வரியோ கல்யாணமோ, அவரே குத்திக்கொடுப்பார். இரண்டு வருடம் முன்பு ரொட்டிக்கடை சுப்ஹியின் அண்ணன், கோர்ட்டில் துருக்கி மொழியில் கேட்டதற்கெல்லாம் புரியாமல் தலையாட்டிவிட்டு ஏழு வருடம் ஜெயிலுக்குப் போனான். தர்வீஷுக்கு மனசு ஆறவேயில்லை. 'எங்கள் கோர்ட்டிலும் பள்ளியிலும் அரபி வேண்டும்' என்று இஸ்தான்புல்லுக்கு எழுதி, பையைக் கவிழ்த்து முப்பத்தெட்டு முத்திரைகளையும் குத்தித் தள்ளினார். ஒருவரையும் கேட்கவில்லை. நல்ல காரியத்துக்கு யார் மாட்டேன் என்பார்கள்! தன்னுடையதை மட்டும் குத்தவில்லை. அது சர்க்கார் கொடுத்த முத்திரை, மனுவில் படலாமா என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார். பயம், வேறென்ன.

"முப்பத்தெட்டு பேரும் உன் பேட்டை ஆளுங்கதானே? இந்தப் பட்டியல்ல அத்தாட்சி குத்திட்டு நீ வீட்டுக்குப் போ" என்றார் அதிகாரி, துருக்கியில்.

வாசலில் சிப்பாய்கள் முதல் ஆளாகப் பிடித்துவந்திருந்த சுப்ஹி, கையில் மாவு காயாமல் நின்றான்.

"மாமா, என்னவாம் இவங்களுக்கு? அடுப்புல ரொட்டி கருகிடும். சீக்கிரம் சொல்லி அனுப்புங்க."

அதிகாரி அவன் பக்கம் திரும்பினார். "சர்க்காருக்கு எதிரா முத்திரை குத்தினது நீதானே?"

துருக்கிதான். சுப்ஹிக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. பெரிய இடத்து மனிதர் ஏதோ கேட்கிறாரே என்று, அண்ணனைப் போலவே, மரியாதையாகச் சிரித்துத் தலையாட்டினான்.

எழுத்தர் அதைக் குறித்துக்கொண்டார்.

தர்வீஷுக்குத் துருக்கி நன்றாக வரும். ஆனால் வாயில் வந்தது அரபிதான். "அவனுக்கு நீங்க கேட்டது புரியலை. யாருக்கும் எதுவும் தெரியாது. அத்தனையும் குத்தினது நான்."

அதிகாரி, என்ன சொல்கிறான் என்பதுபோல் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் அதைத் துருக்கியில் மாற்றிச் சொல்லாமல் தாளைப் புரட்டினார், அவரும் டமாஸ்கஸ்காரர்.

தர்வீஷ் தன் முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார். பட்டியலை ஒதுக்கிவிட்டு மனுவை இழுத்து, மூலையில் இரண்டு வருடமாகக் காலியாகக் கிடந்த இடத்தில் அழுத்தினார்.

"முடிஞ்சுதா மாமா? நான் கிளம்பட்டுமா?" என்றான் சுப்ஹி.

மை இன்னும் காயவில்லை.